பிறர் உதவியுடன் செய்வார்

அந்த நாற்காலி வேண்டாங்க, ஒரு கால் ஆடுது. இப்படி என் பக்கத்தில் உட்காருங்க. டோக்கன் எத்தனை? பதினேழா? நான் பதினாறு. எனக்கு அடுத்தது நீங்கதான். பதினைந்து, அதோ ஜன்னலோரம் மடியில் வயர்கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள். மயிலாத்தா. என்னோடு வந்தவள்தான். தப்பாக நினைக்காதீங்க, ஒரே பிளான்ட்டில் வேலை, அவ்வளவுதான்.

நீங்க பாய்லரா? காங்கயம் பக்கம் அரிசி மில்லா? சரி. நான் சாயத் தண்ணீர். சாயப்பட்டறைகளிலிருந்து வருகிற கழிவுத் தண்ணீரை ஓர் இடத்தில் சேர்த்துச் சுத்தம் பண்ணுகிற பிளான்ட். இருபத்திரண்டு பட்டறைத் தண்ணீர் எங்களிடம் வருகிறது. பதினொரு வருசமாக நைட் ஷிப்ட் ஆபரேட்டர். கொட்டாவி விடுகிறேனே என்று பார்க்காதீங்க. இந்த நேரத்துக்கு நான் தூங்க வேண்டிய ஆள். தூங்க வேண்டிய ஆள் என்றுதான் சொன்னேன், தூங்குகிற ஆள் என்று சொல்லவில்லை. பகலில் கண்ணை மூடினால் மேல்வீட்டில் மிக்ஸி ஓடும். கீழே தெருவில் பழைய பேப்பர்க்காரன் வருவான். எல்லாம் ஓய்ந்தால் என் தலைக்குள்ளேயே ஏதாவது ஓடும்.

எனக்கு இது இரண்டாவது டெஸ்ட், வேலை எவ்வளவு தெரியும் என்று பார்த்துப் பேப்பர் கொடுக்கிற இந்த டெஸ்ட். முதல் டெஸ்ட் ஆவணியில், எங்கள் பிளான்ட்டிலேயே வைத்து நடந்தது. நீங்கள் இன்றைக்குத்தான் முதலா? அப்போது உங்களுக்கு அந்தக் கட்டம் பற்றித் தெரியாது. நான்கு கட்டம் போட்டிருப்பார்கள். முதல் கட்டம், அறிவார். இரண்டாவது, பிறர் உதவியுடன் செய்வார். மூன்றாவது, தனித்துச் செய்வார். நான்காவது, பிறருக்குக் கற்பிப்பார். முதலில் நீங்களே உங்களுக்கு ஒரு டிக் போட வேண்டும். அப்புறம் அவர்கள் பார்த்து ஒரு டிக் போடுவார்கள். நான் நான்காவதில் போட்டேன். ஏன் போடக் கூடாது? அவர்கள் இரண்டாவதில் போட்டார்கள்.

பிறர் உதவியுடன் செய்வார்.

கேளுங்க. யாருங்க எனக்கு உதவினது?

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். விசைத்தறி ஓட்டினேன், காது போய்விடும் போலிருந்தது, விட்டுவிட்டேன். இந்தப் பிளான்ட்டுக்கு வாட்ச்மேனாகத்தான் வந்தேன். ராத்திரியில் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாமே என்று பார்க்க ஆரம்பித்தேன். உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது, அட்டை இல்லாதது. ஒரு டிக்ஷனரி வாங்கினேன். முதல் பக்கத்தை முடிக்க ஒன்பது ராத்திரி ஆனது. பாக்டீரியா என்றால் என்ன, அதுக்கு மூச்சுவிடக் காற்று ஏன் வேண்டும், தண்ணீரில் காரம் ஏறினால் அது ஏன் சாகும், எல்லாம் நானாகப் படித்தது. அப்போதிருந்த ஆபரேட்டர் ஊரைப் பார்த்துப் போனதும் என்னை நிற்க வைத்தார்கள். ஒருத்தன் பக்கத்தில் நின்று இது இப்படி என்று சொல்லித் தந்ததில்லை.

இன்றைக்கு மூன்றாவது கட்டமாவது கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் நைட் ஷிப்ட் பொறுப்பு தினகரன் கைக்குப் போகும். பகல் ஷிப்ட் பையன், டிப்ளமா. நல்ல ஆள்தான், காதில் ஒயரை மாட்டிக்கொண்டே வேலை செய்வான். அவனுக்குக் கீழே நான் ஹெல்பர். புதிதாகப் பிளான்ட்டை எடுத்தவர்கள் அப்படித்தான் சொல்லிவிட்டார்கள். பேப்பரில் தனித்துச் செய்வார் என்று இருக்கிறவனுக்குத்தான் ராத்திரியில் பொறுப்பாம்.

வேலை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. உங்கள் பாய்லர் தண்ணீருக்குப் பி.எச். பார்ப்பீர்களே, அதேதான். ஏழு என்றால் நடு. மேலே போனால் காரம், கீழே வந்தால் புளிப்பு. சாயத் தண்ணீர் காரமாகத்தான் வரும். ஆசிட் வால்வைத் திறந்து அதை ஏழுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அப்புறம்தான் பாக்டீரியா இருக்கிற தொட்டிக்குள் விட வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்று மணிக்கொரு தடவை பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும் ஒன்பது எண்.

மணிக்கொரு தடவை என்பது புத்தகத்தில். மீட்டர் இருக்கிற தொட்டி மேலே ஏற நாற்பத்திரண்டு படி. எனக்கு முழங்கால் சரியில்லை. பதினொரு வருசம் ஒரு தண்ணீரோடு இருந்தவனுக்குப் படி ஏறித்தான் தெரிய வேண்டுமா? நான் கீழே ரூமிலேயே உட்கார்ந்து, மூன்றரை மணிக்கு டீ வரும், டீயைக் குடித்துக்கொண்டே மொத்த ராத்திரிக்கும் எழுதிவிடுவேன். அந்த நேரத்தில் மனசு தெளிவாக இருக்கும். எண் தானாக வரும். எட்டு புள்ளி ஒன்று என்று தோன்றும், எழுதுவேன். எழுந்து போய் ஆசிட் வால்வைக் கால் சுற்றுத் திறந்துவிட்டு வந்து உட்காருவேன்.

டீ கொண்டுவருவது மயிலாத்தாதான். அவளுக்கு வேலை பிரஸ் பக்கம். தொட்டியின் அடியில் படிகிற சேற்றை மெஷின் அழுத்திப் பலகை பலகையாக்கும். அதைத் துணியிலிருந்து சுரண்டி எடுத்து, துணியைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போடுவது அவள் வேலை. ஏழெட்டு வருசமாக ராத்திரியில்தான் வருகிறாள். வீட்டுக்காரர் இல்லை. மூன்றரைக்கு ஃபிளாஸ்க்கோடு வந்து வாசல்படியில் உட்கார்ந்து ஒரு கால்மணி நேரம் புலம்பிவிட்டுப் போவாள். அவளுக்கு அது ஒரு ஆறுதல். பொம்பளைப் புலம்பல், நான் காதில் வாங்குவதில்லை.

"ஏனுங்ண்ணா, இன்னிக்குத் தண்ணி சோப்புத் தேய்ச்சாப்புல வழுவழுங்குதுங்க. வளையலே கையில நிக்க மாட்டேங்குது."

"ம்."

"நேத்து விரல் வெடிப்புல பட்டா சுள்ளுன்னு எரிஞ்சுது. இன்னிக்கு அந்த எரிச்சலே இல்ல."

"ம்."

"பலகை துணிய விட்டே வரமாட்டேங்குதுங்ண்ணா. காயாத கல்லுல தோசை ஊத்துனாப்புல."

இப்படித்தான் ஓடும். நான் பாட்டுக்குக் குனிந்து லாக் எழுதிக்கொண்டிருப்பேன். சில நேரம் அவளே எட்டிப் பார்த்து, "இன்னிக்கு என்ன போட்டிருக்கீங்க?" என்பாள். "எட்டு புள்ளி ரெண்டு" என்பேன். "ஓ, அப்ப இதுக்குப் பேரு எட்டு புள்ளி ரெண்டுங்களா" என்று தலையை ஆட்டுவாள். அவளுக்கு என்ன புரியும், பாவம். பேச்சுத்துணை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஆடியில் ஒரு நாள் காலையில் நுரை பொங்கித் தொட்டியைத் தாண்டி, காம்பவுண்ட் சுவரைத் தாண்டி, ரோட்டில் வந்து நின்றது. இடுப்பு உயரத்துக்கு வெள்ளை வெளேர் என்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடுகிறார்கள், போகிறவன் வருகிறவன் எல்லாம் போட்டோ எடுக்கிறான். பாக்டீரியாவில் பாதி செத்துவிட்டது. ஏன் என்று நோண்டிப் பார்த்தபோது, பி.எச். மீட்டர் வேலை செய்யவில்லை. உள்ளே உப்புப் படிந்து ஏழு புள்ளி இரண்டிலேயே நின்றிருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று மாசமாக.

பகல் ஷிப்ட் தினகரன், மதிய ஷிப்ட் தாமோதரன், இரண்டு பேருடைய லாக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். ஏழு புள்ளி இரண்டு, ஏழு புள்ளி இரண்டு, மூன்று மாசமும் அதே எண். மீட்டரைப் பார்த்து எழுதியவர்கள், மீட்டர் சொன்னதை எழுதியிருக்கிறார்கள். என் லாக்கில் மட்டும் எட்டு புள்ளி ஒன்று, ஏழு புள்ளி ஆறு, ஆறு புள்ளி எட்டு என்று தினம் ஒரு மாதிரி.

மீட்டரைப் பார்க்காமல் எழுதினாயா என்று மேனேஜர் குதித்தார். அப்போதுதான் மதிப்பீடு செய்ய என்று வந்தார்கள் ஜெசிந்தா மேடம். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, ஒரு டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு மெஷின் தானாக ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும். காலையில் லேப்பில் அதைச் சோதித்து ஒரு பைலில் எழுதிவைப்பார்கள். லேப் பைல் மாடி பீரோவில், லாக் புக் கீழே மேஜையில். பதினொரு வருசத்தில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. மேடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

என் எண்ணும் லேப் எண்ணும் ஒன்று. லேப்பில் எட்டு என்றால் நான் எட்டு புள்ளி ஒன்று. ஆறு புள்ளி ஒன்பது என்றால் நான் ஆறு புள்ளி எட்டு. மூன்று மாசமும், பார்க்காமல் எழுதியவன் சரி, பார்த்து எழுதியவர்கள் தப்பு. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். மேனேஜர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். பதினொரு வருசத்தில் முதல் தடவை.

ஒன்பது நாள் மட்டும் உதைத்தது. ஆடி பிறந்த பிறகு ஒன்பது நாள். லேப்பில் எட்டு புள்ளி ஏழு, ஒன்பது என்று இருக்கிறது, நான் ஏழு புள்ளி நான்கு என்று எழுதி ஆசிட்டைக் குறைத்து வைத்திருக்கிறேன். மற்ற இரண்டு ஷிப்டும் ஏற்கெனவே தப்பு, நானும் தப்பு, அதுதான் நுரை. "இந்த ஒன்பது நாள் என்ன ஆச்சுங்க?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்கள்.

உள்ளதைச் சொன்னேன். அந்த ஒன்பது நாளும் எனக்கு டீ இல்லை. மயிலாத்தா மகளுக்குப் பிரசவம் என்று பல்லடம் போய்விட்டாள். டீ இல்லாமல் ராத்திரி மூன்றரைக்கு ஒரு மனுசனுக்குத் தலை எப்படி ஓடும்? நீங்களே சொல்லுங்க, நீங்களும் ராத்திரி நெருப்பு பார்க்கிற ஆள்தானே. மேடம் டேப்லெட்டில் ஏதோ எழுதினார்கள். டீ என்று எழுதினார்களா, வேறு என்ன எழுதினார்களோ.

"சரி, பதினாலாம் தேதி எட்டு புள்ளி ஒன்றுன்னு போட்டிருக்கீங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியும் மேடம்."

"அதான், எப்படி?"

"பதினொரு வருசம் மேடம்."

"தண்ணீரோட நிறமா? வாசனையா? சத்தமா?"

"எல்லாம் கலந்துதான் மேடம். தோணும்."

எப்படித் தெரியும் என்றால் என்ன சொல்ல? உங்களுக்குப் பசிக்கிறது, எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்வீர்களா? என்னைத் தொட்டி மேலே கூட்டிப்போனார்கள். நாற்பத்திரண்டு படி. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இப்போது சொல்லுங்கள் என்றார்கள். பட்டப்பகல், வெயில், கீழே மேனேஜர், தினகரன், எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என்ன தோன்றும்? ஏழு புள்ளி நான்கு என்றேன். மேடம் கையிலிருந்த புது மீட்டரை இறக்கினார்கள். எட்டு புள்ளி மூன்று.

அன்றைக்கு மயிலாத்தாவையும் பகலில் வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் படி இறங்கி வந்தபோது பிரஸ் பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தவள் யாரிடமும் இல்லாமல் சும்மா சொன்னாள், "எட்டுக்கு மேலதானுங்களே இருக்கோணும், இப்படி வழுக்குது." மேடம் சட்டென்று திரும்பிவிட்டார்கள்.

அப்புறம் என்னைக் கேட்கவே இல்லை. அவளிடம் போய்ப் பேச்சு. ஒரு மணி நேரம், மணியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சோப்பு, தோசை, விரல் வெடிப்பு, மழை பெய்த மண் வாசனை வந்தால் நல்லது, முட்டை நாற்றம் வந்தால் காற்று பத்தவில்லை, இதெல்லாம் ஒரு டெஸ்டுக்கு வந்த மேடம் உட்கார்ந்து கேட்கிற பேச்சா? அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். என் டெஸ்ட் நேரம் பூராவும் இப்படிப் போனது. அதுதான் என் வருத்தம். அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தந்திருந்தால் புத்தகத்தில் படித்ததை எல்லாம் சொல்லியிருப்பேன்.

பதினைந்து நாளில் பேப்பர் வந்தது. இரண்டாவது கட்டம்.

வீட்டில் காட்டினேன். என் சம்சாரம் பூங்கொடி படித்துப் பார்த்துவிட்டு, "அந்தம்மா சரியாத்தான் எழுதியிருக்குது. ஒரு பல்பு மாட்டறதுக்கே ஸ்டூலைப் புடின்னு என்னையக் கூப்புடற ஆளுதான நீங்க" என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் பூராவும் கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருசமாக எனக்கு ஒன்று தெரியும் என்று இருந்தேன். அது ஒன்றுதான் இருந்தது என்னிடம். அது தெரியும்தானா என்று ஒரு பேப்பர் கேட்டுவிட்டது.

புரட்டாசி பூராவும் படித்தேன். அட்டை இல்லாத புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து. ஒரு ராத்திரி, மேடம் கேட்டதுக்குப் பதில் கண்டுபிடித்தே தீருவது என்று நாற்பத்திரண்டு படியும் ஏறினேன். யாரும் இல்லை. காற்று ஊதுகிற மெஷின் சத்தம் மட்டும். ஒரு மக்கில் தண்ணீர் மொண்டு கையை விட்டுப் பார்த்தேன். முகர்ந்தேன். காதைக்கூட வைத்துப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா. தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மயிலாத்தா என்னைத் தேடிக்கொண்டு ஃபிளாஸ்க்கோடு மேலே வந்துவிட்டாள்.

"என்னுங்ண்ணா இங்க வந்து உக்காந்துட்டீங்க?"

"சும்மா. காத்து வாங்கலாம்னு."

"சாயத்தண்ணிக்கு மேல உக்காந்து காத்து வாங்கறீங்களாக்கும்." மக்கில் இருந்த தண்ணீரில் கையை நனைத்து, விரலும் விரலும் தேய்த்துப் பார்த்தாள். "ம், இன்னிக்குத் தேவலைங்க. வழுக்கவும் இல்ல, எரியவும் இல்ல."

டீ குடித்தேன். குடித்ததும் பாருங்க, தோன்றிவிட்டது. ஏழு புள்ளி மூன்று. எழுதினேன். காலையில் லேப்பில் போய்க் கேட்டேன். ஏழு புள்ளி மூன்று! அப்பாடா என்று இருந்தது. திறமை எங்கேயும் போய்விடவில்லை.

அவளையும் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் மேடம். பிளான்ட்டில் இத்தனை பேர் எழுதினார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். காலையில் பஸ்ஸில் வரும்போது டெஸ்ட் பாரத்தை என்னிடம் நீட்டினாள், கையெழுத்து மட்டும்தான் போடுவாள். நான்தான் பூர்த்தி செய்தேன். எந்தக் கட்டத்தில் டிக் போடட்டும் என்று கேட்டேன். "மொதல்லயே போடுங்ண்ணா. எனக்கு என்ன தெரியும், துணி அலசறவளுக்கு." போட்டேன். அறிவார். அதுக்குக் கீழே ஒரு கேள்வி, இந்த வேலையை யாரிடம் கற்றீர்கள்? என் பாரத்தில் நான் 'யாரிடமும் இல்லை, நானே' என்று எழுதியிருக்கிறேன். அவளைக் கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"உங்ககிட்டத்தானுங்ண்ணா. நீங்க நெம்பர் சொல்லச் சொல்லத்தான எனக்குப் புரிஞ்சுது. உங்க பேரையே எழுதுங்க."

எழுதினேன். என் பேரை நானே. பஸ் குலுங்கியதில் எழுத்து கோணலாகிவிட்டது. அப்புறம் பெருந்துறை வரைக்கும் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தேன். ராத்திரித் தூக்கம் இல்லை பாருங்க, அதுதான்.

வந்ததும் டோக்கன் கொடுக்கிறவரிடம் சொன்னேன், இரண்டு பேரையும் ஒன்றாக உள்ளே விடுங்கள், அந்தம்மா தனியாக இருந்தால் பயந்துவிடும் என்று. உள்ளே மேஜையில் மூன்று ஜாடியில் தண்ணீர் வைத்திருக்கிறார்களாம், மீட்டர் இல்லாமல் எது எப்படி என்று சொல்ல வேண்டுமாம், காரணத்தோடு. ஒருத்தர் ஒருத்தராகத்தான் என்றுவிட்டார். சட்டம் பேசுகிறார்.

இருங்க, கூப்பிடுகிறார்கள். பதினைந்து. மயிலாத்தா! ஏ மயிலாத்தா, உன்னைத்தான். போ. பயப்படாதே. தெரிந்ததைச் சொல்லு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லு. கூடையா? கொடு, கொடு, நான் பிடித்துக்கொள்கிறேன்.

பார்த்தீங்களா, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. பயமே இல்லாத மாதிரி நடக்கிறாள், உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருப்பாள்.

ஃபிளாஸ்க் இருக்கிறது கூடையில். எனக்காகத்தான் போட்டு எடுத்துவந்திருப்பாள். ஒரு வாய் குடிக்கிறீங்களா? வேண்டாமா? சரி. நான் குடிக்கிறேன். என் நம்பர் வருவதற்குள் குடித்துவிட்டால் தலை தெளியும்.

நல்ல டீ. இஞ்சி போட்டிருக்கிறாள். அதே டீதான்.

ம்.

என்னங்க? இல்லை, ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். அதோ மேஜைமேல் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கிறதே, அதுக்கு என்ன எண் இருக்கும் என்று சும்மா யோசித்தேன். இன்னொரு வாய் குடித்துப் பார்க்கிறேன்.

டீ குடித்தாயிற்று. ஒன்றும் தோன்றவில்லைங்க.

உள்ளே ரொம்ப நேரமாகப் பேச்சுக் குரல் கேட்கிறது. அவள் குரல்தான். சிரிக்கிறார்கள் யாரோ.

பதினாறா? கேட்டது, கேட்டது. பக்கத்து ரூமா? நான்தான் தெய்வசிகாமணி. ஐயா, ஒரு நிமிசம். ஏனுங்க, நீங்க எனக்கு முன்னால் போய்விடுகிறீர்களா? தப்பாக நினைக்காதீங்க. இந்தக் கூடையை யாரிடமாவது கொடுக்க வேண்டும். இல்லை, உங்களிடம் வேண்டாம். அவள் வெளியே வரட்டும். வந்து பார்க்கும்போது நான் இங்கே இல்லை என்றால் தவித்துப்போவாள்.

நீங்க போங்க. நான் இருக்கிறேன்.